லூசில் பால்: சிரிக்க வைப்பதும் கைவேலைதான்

அமெரிக்க டிவி நகைச்சுவை நடிகை லூசில் பால் நேரில் அப்படியொன்றும் வேடிக்கையான ஆள் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் பலரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். விருந்துக்குப் போன இடத்தில் நாலு பேரைச் சுற்றி நிற்கவைத்துச் சிரிப்பு மூட்டுகிற ரகம் கிடையாது. ஒத்திகையில் படு கறார். கையில் எடுக்கப்போகும் சாமான் சரியாக வேலை செய்கிறதா, அடுத்தவர் எந்த இடத்தில் நிற்கப்போகிறார் என்று ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு தொங்குவாராம். அந்த மனுஷிதான் 1950களில் திங்கட்கிழமை ராத்திரி ஆனால் அமெரிக்காவையே டிவி முன்னால் உட்காரவைத்தவர். நாடகம் போட ஆசைப்படும், ஆனால் இயல்பிலேயே நகைச்சுவை ததும்பாத என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி கிடையாது.

நாங்கள் நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில், பஃபலோ பக்கம் குடியிருக்கிறோம். பொங்கல், தீபாவளி என்றால் தமிழ்ச் சங்க மேடையில் அரை மணி நேர நாடகம் ஒன்று உண்டு. எழுதுவது, ஆளைப் பிடிப்பது, ஒத்திகை நடத்துவது எல்லாம் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். நடிப்பவர்கள் மென்பொருள்காரர்கள், ஒரு பல் டாக்டர், இரண்டு இல்லத்தரசிகள், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள். லூசில் பால் பிறந்த ஜேம்ஸ்டவுன் எங்களுக்குத் தெற்கே காரில் ஒன்றரை மணி நேரம். அவர் பெயரில் அங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் லூசி என்ற இல்லத்தரசியாக நடித்த 'ஐ லவ் லூசி' டிவி நகைச்சுவைத் தொடரில் வரும் வீட்டின் செட்டை அப்படியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பக்கத்திலிருந்து யார் வந்தாலும் நயாகரா காட்டிவிட்டு, மறுநாள் அவர்களை ஜேம்ஸ்டவுனுக்கு இழுத்துக்கொண்டு போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. வருகிறவர்களுக்குப் பெரிய ஆர்வம் இருக்காது. எனக்கு இருக்கிறது, அது போதும்.

அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது 1911 ஆகஸ்ட் 6. அப்பா டெலிபோன் கம்பெனியில் லைன்மேன். லூசிக்கு மூன்று வயதாக இருக்கும்போது டைபாய்டு வந்து இறந்துபோனார். அதன்பின் ஜேம்ஸ்டவுனை ஒட்டியுள்ள செலரானில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். தாத்தாதான் மேடைக் காட்சிகளுக்குக் கூட்டிப்போனவர். பதின்ம வயதில் நியூயார்க் நகரத்து நாடகப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே நட்சத்திர மாணவி, பின்னாளில் ஹாலிவுட்டில் பெரிய நடிகையான பெட்டி டேவிஸ். இந்தப் பெண்ணுக்கோ வாயே திறக்கவில்லை. கூச்ச சுபாவம், இவளுக்காகச் செலவு செய்வது வீண் என்று பள்ளியிலிருந்து அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாடலிங் செய்தார், நடுவில் நோயில் படுத்தார், 1933இல் ஹாலிவுட்டில் கூட்டத்தோடு கூட்டமாக ஆடும் பெண்களில் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம், பெரிய ஸ்டுடியோக்களில் சின்னச் சின்ன வேஷங்கள், செலவு குறைந்த படங்களில் நாயகி. 'ஐ லவ் லூசி' 1951 அக்டோபர் 15ஆம் தேதி ஒளிபரப்பானபோது அவருக்கு நாற்பது வயது. கைக்குழந்தை வேறு.

இந்த இருபது வருஷத்தை வீணாய்ப் போன காலம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எம்ஜிஎம் ஸ்டுடியோவில் இருந்தபோதுதான் அவருக்கு பஸ்டர் கீட்டனின் பழக்கம் கிடைத்தது. மௌனப்பட காலத்தின் மேதை கீட்டன், அப்போது வாய்ப்புகள் சுருங்கி, மற்றவர்கள் படத்துக்கு நகைச்சுவைத் துணுக்கு யோசித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். லூசியிடம் இருந்த சரக்கை மோப்பம் பிடித்தவர்களில் அவர் ஒருவர். மேடைச் சாமான்களைக் கையாளும் வித்தையை அவரிடம்தான் லூசி கற்றார். நாற்காலியோ குடையோ தொப்பியோ, கையில் எடுப்பதற்கு முன் அதன் எடை, வழுக்கல், சத்தம் எல்லாம் உடம்புக்குப் பழகியிருக்க வேண்டும்.

எங்கள் குழுவுக்கு இதுதான் முதல் பாடமாக அமைந்தது. போன வருஷ நாடகத்தில் ஒரு காட்சி. மருமகள் அலமாரியிலிருந்து மாமியாரின் பட்டுப்புடவையைத் தெரியாமல் எடுத்துக் கட்டியிருக்கிறாள். மாமியார் கோயிலிலிருந்து கிளம்பிவிட்டார், போனில் பேசிக்கொண்டே வருகிறார். இவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பொய் சொல்லிக்கொண்டே, புடவையை மடித்து உள்ளே வைத்தாக வேண்டும். வசனம் பத்து வரிதான். மற்றதெல்லாம் கைவேலை. இந்தக் காட்சிக்கு முதல் நாள் ஒத்திகையிலிருந்தே அசல் பட்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். துப்பட்டாவை வைத்துப் பழகினால் துப்பட்டாவின் தாளம்தான் உடம்பில் ஏறும். பட்டு கனம், சரிகைக் கரை ஒரு பக்கமாக இழுக்கும், ஒரு முனையை நேராக்கினால் மறுமுனை தரையில் சரியும். அந்த வேஷம் போட்ட சரளா அக்கா ஒரு தடவை, இரண்டு கையும் போதாமல், முந்தானை ஓரத்தை மோவாயால் மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். மோவாய் மாட்டிக்கொண்டதால் பேச்சு குழறியது. "ஆமாங்கத்த, அழுக்குத் துணி மடிக்கிறேன்" என்ற சாதாரண வரிக்கு நாங்கள் ஒத்திகை பார்க்கும் பேஸ்மென்ட்டே அதிர்ந்தது. எழுத உட்கார்ந்திருந்தால் எனக்கு இது தோன்றியே இருக்காது. சரளா அக்காவுக்கும் யோசித்து வந்ததில்லை. புடவை கொடுத்தது.

கிடைத்ததை அன்றே எழுதி வைக்கவேண்டும் என்பது இதன் மறுபாதி. லூசியின் எழுத்தாளர்கள் ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் ப்யூ, பாப் கேரல் மூவரும் வானொலிக் காலத்திலிருந்தே அவரோடு இருந்தவர்கள். பிரதியில் உடலசைவு வரும் இடங்களையெல்லாம் அவர்கள் பெரிய எழுத்தில், விலாவாரியாகத் தட்டச்சு செய்வார்கள். பக்கமே கறுத்துத் தெரியுமாம். எந்தக் கையில் எடுக்கிறாள், எங்கே பார்க்கிறாள், எப்போது கவனிக்கிறாள் என்று எல்லாம் காகிதத்தில் இருக்கும். இயல்பாக, அந்தக் கணத்தில் தோன்றியதுபோல நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி இப்படி எழுதப்பட்டு, ஒத்திகை பார்க்கப்பட்டு வந்ததுதான். அமெச்சூர் நாடகத்தில் பொதுவாக வசனம் மட்டும்தான் பிரதியில் இருக்கும். "இங்கே ஏதாவது காமெடி பண்ணிக்கலாம்" என்று ஒரு வரி போட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். அந்த வரி இருக்கும் இடத்தில் மேடையில் நிச்சயம் ஒன்றும் நடக்காது.

மேடலின் ப்யூவைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். சிக்கலான சாகசம் எதையாவது எழுதினால், ஒரு பெண்ணால் இதைச் செய்ய முடியுமா, அடிபடுமா என்று முதலில் அவரே செய்து பார்ப்பார். எங்கள் குழுவில் இதைக் கட்டாய விதியாகவே வைத்துவிட்டேன். ஸ்டூலிலிருந்து சறுக்குவது, கட்டிலுக்கடியில் புகுவது எதுவானாலும் எழுதிய நான் முதலில் செய்து காட்ட வேண்டும். இதனால் என் பிரதிகளில் விழுகிற காட்சிகள் கணிசமாகக் குறைந்துவிட்டன என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழங்காலுக்கு நல்லது.

லூசியின் புகழ்பெற்ற காட்சிகளில், கற்றுக்கொள்வதற்கு என்று ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால் 1952 மே மாதம் வந்த டானிக் விளம்பரக் காட்சியைச் சொல்வேன். டிவி விளம்பரத்தில் நடிக்கும் வாய்ப்பை எப்படியோ பிடித்துவிடுகிறாள் லூசி. டானிக்கின் பெயர் வீட்டாமீட்டாவெஜமின். வாயில் நுழையாத பெயர். ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு கரண்டி குடித்துக் காட்ட வேண்டும். அதில் ஆல்கஹால் இருப்பது அவளுக்குத் தெரியாது. போகப் போகப் போதை ஏறி வசனம் கலைகிறது.

இதில் பாருங்கள், முதல் தடவை அவர் விளம்பர வசனத்தைச் சுத்தமாக, நிதானமாக, ஒரு பிசிறில்லாமல் முழுக்கச் சொல்கிறார். அதில் ஒரே ஒரு சிரிப்புதான். டானிக்கின் ருசியில் முகம் கோணுகிறது, உடனே சமாளித்துப் புன்னகைக்கிறார். மற்றபடி ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் பார்க்கிறவர்கள் அந்த ஒரு தடவையில் வசனத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். சரியான வரிசை நமக்குத் தெரிந்தால்தானே, அது குலையும்போது சிரிப்பு வரும்? நம் மேடைகளில் குடிகாரன் வேஷம் போடுகிறவர் உள்ளே நுழையும்போதே தள்ளாடிக்கொண்டு வருவார். ஏறுவதற்குப் படியே இல்லை. லூசி கடைசி வரைக்கும் போதையில் இருப்பதாக நடிக்கவில்லை. நன்றாக வேலை செய்து பேர் வாங்க வேண்டும் என்று முழு மூச்சாக முயல்கிற பெண்ணாகத்தான் நடிக்கிறார். உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. ஜேம்ஸ்டவுன் அருங்காட்சியகத்தில் இந்த விளம்பரத்தை நாமே நின்று சொல்லிப் பார்க்க ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். சொல்லிப் பாருங்கள். போதையில்லாமல் சுத்தமாகச் சொல்வதே பெரும்பாடு என்று தெரியும்.

அதே வருஷம் செப்டம்பர் 15 அன்று வந்த சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியை யூடியூப் புண்ணியத்தில் நம் ஊரிலும் பலர் பார்த்திருப்பார்கள். ஓடும் கன்வேயர் பட்டையில் சாக்லேட் வருகிறது, காகிதம் சுற்ற வேண்டும், வேகம் கூடுகிறது, வாயிலும் சட்டைக்குள்ளும் தொப்பிக்குள்ளும் திணிக்கிறார்கள். அதற்கு முன்னால் வரும் சின்னக் காட்சி எனக்கு இன்னும் பிடிக்கும். லூசியின் பக்கத்தில் நின்று சாக்லேட்டைத் தோய்த்து எடுக்கும் பெண் நடிகை அல்ல, நிஜத்திலேயே அந்தத் தொழில் செய்தவர். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பார். லூசி ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துப் பார்த்துக் காப்பியடிப்பார். அசல் தொழிலாளி ஒருவர் பக்கத்தில் இருப்பதால்தான் இவருடைய அரைகுறைக் கை அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. எங்கள் மேடையிலும் சமையல்காரர் வேஷம் என்றால் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவரைப் போடுவேன், வசனம் அவருக்குச் சுமாராக வந்தாலும் பரவாயில்லை. வெங்காயம் நறுக்கும் கை பொய் சொல்லாது.

அந்தப் பட்டை முன்னால் லூசி தனியாக இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பக்கத்தில், தொடரில் லூசியின் தோழி எதெலாக நடித்த விவியன் வான்ஸ் நிற்கிறார். சான் டியேகோ பக்கம் லா ஹோயாவில் ஒரு மேடை நாடகத்தில் அவரைப் பார்த்துவிட்டு லூசியின் கணவர் டெஸி அர்னாஸ் ஒப்பந்தம் செய்தார். பிள்ளை பெற்ற உடம்போடு இருந்த லூசி போகவில்லை. தன் வாழ்க்கையின் மிக முக்கியமான சக நடிகையை அவர் பார்க்காமலேயே ஏற்றுக்கொண்டார். தொடரில் எதெலின் புருஷனாக வரும் வில்லியம் ஃப்ராலி, வான்ஸைவிட 22 வயது மூத்தவர். இருவருக்கும் ஆகவே ஆகாது என்பது ஊரறிந்த கதை. திரையில் அந்தச் சிடுசிடுப்பு பழைய தம்பதியின் சிடுசிடுப்பாக மாறி நன்றாகவே வேலை செய்தது. லூசி செய்யும் கோமாளித்தனம் எந்த அளவுக்கு ஆபத்தானது என்று நமக்கு அளந்து சொல்வது வான்ஸின் முகம்தான். நாடகத்தில் நல்ல நடிகர் இரண்டு பேர் கிடைத்தால், ஒருவரைக் கோமாளியாக்கி, மற்றவரை இந்த வேலைக்கு வைத்துவிடுங்கள். இரண்டு கோமாளிகள் ஒரே நேரத்தில் ஆடினால் ஜனங்கள் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் போனை எடுத்துவிடுவார்கள்.

டெஸியைப் பற்றி. கியூபாக்காரர், பாட்டுக் குழு நடத்தியவர், லூசியைவிட ஆறு வயது இளையவர். 1940இல் கல்யாணம். வானொலியில் லூசிக்கு ஒரு வெற்றித் தொடர் இருந்தது, சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனம் அதை டிவிக்குக் கொண்டுவர விரும்பியது. கணவனாக டெஸிதான் நடிக்க வேண்டும் என்றார் லூசி. வெளிநாட்டு உச்சரிப்போடு பேசுகிறவரை அமெரிக்க வீட்டுக்காரராக யார் நம்புவார்கள் என்று தயங்கினார்கள். லூசி வாக்குவாதம் செய்துகொண்டிருக்கவில்லை. 1950இல் இருவரும் ஒரு மேடைக் காட்சி தயாரித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஜனங்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் தயங்கியவர்களுக்குப் பேச வாயில்லை. புதுப் பிரதியைச் சங்கத்தில் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்க முயல்வதை நானும் விட்டுவிட்டேன். யார் வீட்டுப் பிறந்தநாளிலாவது பத்து நிமிஷம் நடித்துக் காட்டினால் வேலை முடிந்தது.

அடுத்தது காசு சம்பந்தப்பட்டது. அன்றைய பழக்கப்படி நிகழ்ச்சியை நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்ப வேண்டும் என்பது விளம்பரதாரரின் விருப்பம். லூசியும் டெஸியும் கலிபோர்னியாவை விட்டுக் கிளம்ப மறுத்தார்கள். மூன்று கேமரா வைத்து, அசல் பார்வையாளர்கள் முன்னால், சினிமா பிலிமில் எடுக்கலாம் என்று முடிவானது. கேமராவுக்குப் பொறுப்பு கார்ல் ஃப்ராயண்ட், ஜெர்மனியில் மௌனப்பட காலத்திலேயே பேர் வாங்கியவர். மூன்று கோணத்திலும் ஒரே நேரத்தில் எடுப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனியாக விளக்கு மாற்ற முடியாது. எங்கே நின்றாலும் சீராக விழும்படி மேலிருந்து ஒளி அமைத்தார். சிரிப்பு நாடகத்துக்கு இன்றும் அதுதான் சரி. எங்கள் பள்ளிக்கூட அரங்கில் யாராவது ஆர்வக்கோளாறில் நீலமும் சிவப்பும் போட வந்தால், எல்லா விளக்கையும் எரியவிடுங்கள் போதும் என்று சொல்லிவிடுவேன். முகம் தெரியாவிட்டால் சிரிப்பு வராது.

பிலிமில் எடுத்தால் செலவு கூடும். அந்தக் கூடுதல் செலவுக்காகத் தங்கள் சம்பளத்தில் வாரத்துக்கு 1,000 டாலர் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள் லூசியும் டெஸியும். பதிலுக்கு அத்தியாயங்களின் உரிமை தங்களுக்கு வேண்டும் என்றார்கள். மறு ஒளிபரப்பு என்ற வியாபாரமே சரியாகப் பிறந்திராத காலம் அது. கொடுத்துவிட்டார்கள். சில வருஷங்களில் அதே உரிமையைப் பல மில்லியன் டாலருக்கு சிபிஎஸ் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. முன்பு லூசியைச் சம்பளத்துக்கு வைத்திருந்த ஆர்கேஓ ஸ்டுடியோவையே 1957இல் இவர்களுடைய டெஸிலு தயாரிப்பு நிறுவனம் வாங்கிவிட்டது.

நம் அளவில் இதற்கு ஒரு சின்ன வேலைதான் இருக்கிறது. நாடகம் முடிந்தபின் வீடியோ யாருடையது என்பதை முன்கூட்டியே ஒரு மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்கிறவருடைய சேனலில் போகுமா, குழுவின் சேனலில் போகுமா, வெட்டிச் சின்னத் துண்டுகளாகப் போடலாமா, எழுதியவர் பெயர் எங்கே வரும். இதெல்லாம் பேசும்போது கொஞ்சம் அல்பமாகத்தான் தோன்றும். நாடகத்துக்கு முன்னால் பேசினால் அல்பம், பின்னால் பேசினால் மனஸ்தாபம்.

1952இல் லூசி மறுபடி கர்ப்பமானார். தொடரை நிறுத்துவார்கள் என்று பார்த்தால், கர்ப்பத்தையே கதைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். யார் மனமும் புண்படாமல் இருக்க ஒரு பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத ரபி மூவரிடமும் பிரதியைக் காட்டினார்கள். கதையில் லூசிக்குக் குழந்தை பிறந்த அத்தியாயம் 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பானது, நிஜ மகனும் அன்றே பிறந்தான். சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. எங்கள் கதாநாயகனுக்குப் பனியில் வழுக்கிக் கால் கட்டு விழுந்தபோது ஆளை மாற்றவில்லை. கதாபாத்திரத்துக்கே கால் உடைந்துவிட்டது என்று ஆரம்பக் காட்சியை மாற்றி எழுதினேன். ஊன்றுகோல் கூடுதல் சாமானாகக் கிடைத்தது.

பிற்பாதியைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் கனத்துவிடுகிறது. டெஸிக்குக் குடியும் பெண் சகவாசமும் அதிகம். 1960 மார்ச்சில் இருவரும் சேர்ந்து நடித்த கடைசிக் காட்சியை எடுத்து முடித்த மறுநாள் லூசி விவாகரத்துக்கு விண்ணப்பித்தார். முந்தின நாள் நடித்தது நகைச்சுவை. 1962இல் டெஸியின் பங்கை வாங்கிக்கொண்டு ஸ்டுடியோவின் தலைமைப் பொறுப்பில் உட்கார்ந்தார். அவருடைய காலத்தில்தான் 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன் இம்பாசிபிள்' டிவி தொடர்கள் இரண்டும் டெஸிலுவில் பிறந்தன. செலவுக்குப் பயந்து கூட இருந்தவர்கள் தயங்கியபோது அவர் பின்வாங்கவில்லை. வாய் திறக்காத பெண் என்று பள்ளியில் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர்தான். 1967இல் டெஸிலுவை 17 மில்லியன் டாலருக்கு விற்றார்.

1986இல், 75 வயதில், 'லைஃப் வித் லூசி' என்று மறுபடி வந்தார். ஏணி, தெளிப்பான், பழைய விளையாட்டுகள் எல்லாம் இருந்தன. எட்டு அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டார்கள். அவர் ரொம்ப நொந்துபோனார். அதைப் பார்த்தால் திறமை குறையவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நாற்பது வயதுப் பெண் விழுந்தால் சிரிக்கிற கூட்டம், பாட்டி விழுந்தால் பதறி எழுந்துவிடும். வயதானவர்களை வைத்து அடிதடி நகைச்சுவை எழுதும்போது இதை நான் மறப்பதில்லை. விழவேண்டியவர் பேரன், பார்த்துக் கமென்ட் அடிக்க வேண்டியவர் பாட்டி.

1989 ஏப்ரல் 26 அன்று இறந்தார். இப்போது அவருடைய அஸ்தி இருப்பது ஜேம்ஸ்டவுனில், சொந்தக்காரர்களுக்குப் பக்கத்தில். செலரான் பூங்காவில் அவருக்கு இரண்டு சிலைகள் உண்டு. 2009இல் வைத்த முதல் சிலை பயங்கரமாக இருக்கிறது என்று உலகமே கேலி செய்ததால், 2016இல் நல்ல சிலை ஒன்றை வைத்தார்கள். பழையதையும் அகற்றவில்லை. வருகிறவர்கள் முதலில் அதனோடுதான் செல்ஃபி எடுக்கிறார்கள்.

நாடகம் போடுகிற எண்ணம் இருப்பவர்கள் பார்க்க, இந்த வரிசையில் ஆரம்பிக்கலாம்: டானிக் விளம்பரம், சாக்லேட் தொழிற்சாலை, 1955இல் பேசாமலே சிரிக்கவைக்கும் நடிகர் ஹார்ப்போ மார்க்ஸோடு கண்ணாடிபோல நின்று அசைவுக்கு அசைவு ஈடுகொடுக்கும் காட்சி, 1956இல் இத்தாலியில் திராட்சை மிதிக்கும் காட்சி. ஒவ்வொன்றையும் முதலில் சத்தத்தோடு பாருங்கள், அப்புறம் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு, கைகளை மட்டும் பாருங்கள். திராட்சைக் காட்சியில் கைக்குப் பதில் பாதம். தொட்டிக்குள் முதல் அடி வைத்ததும் அவர் முகம் போகிற போக்கை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.